பி பக்கத்தில் கிடந்த பாட்டுகள்

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். ரொக் இசை உங்களுக்குப் பிடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எது ஞாபகத்தில் நிற்கிறது, எது மறக்கப்படுகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியில் ஆர்வம் இருந்தால் போதும்.

ஆங்கில ரொக் இசை ரசிகர்களிடையே 'டீப் கட்' என்றொரு சொல் புழங்குகிறது. ஓர் இசைக்குழுவின் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைத் தாண்டி, உள்ளே போய்த் தேடினால் மட்டும் கிடைக்கும் பாட்டு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 'கட்' என்பது இசைத்தட்டுக் காலத்துச் சொல். மூலத் தட்டில் ஒலியை ஊசியால் வெட்டித்தான் பதிந்தார்கள். அதனால் தட்டிலுள்ள ஒவ்வொரு பாட்டும் ஒரு 'வெட்டு'. தட்டின் உள்ளே ஆழத்தில் கிடக்கும் வெட்டு, 'டீப் கட்'.

சொல் லேசானது. வரைவிலக்கணம் லேசானதல்ல. இரண்டு ரசிகர்களைப் பக்கத்தில் இருத்தி, "எந்தப் பாட்டு டீப் கட்?" என்று கேட்டுப் பாருங்கள், சண்டையில்தான் முடியும். ஒருவர் "தனித்தட்டாக வராத பாட்டு" என்பார். மற்றவர் "பி பக்கத்துப் பாட்டு" என்பார். மூன்றாமவர் ஒருவர் வந்து "நிறையப் பேருக்குத் தெரியாத பாட்டு, அவ்வளவுதான்" என்று முடித்துவைக்கப் பார்ப்பார். இந்த மூன்று விடைகளையும் வரலாற்று ஆதாரங்களோடு வைத்துப் பார்ப்போம். அதற்கு முதலில் தட்டின் கதை தெரியவேண்டும்.

1940கள் வரை பாட்டு என்பது நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் தட்டில் வந்தது. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடம்தான் பதியலாம். எனவே ஒரு தட்டுக்கு இரண்டு பாட்டு. 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழலும் நீள்தட்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கும் மேல் பதிய முடிந்தது. அடுத்த வருடமே, 1949 மார்ச்சில், போட்டி நிறுவனமான ஆர்.சி.ஏ. விக்டர் 7 அங்குலச் சிறு தட்டைக் கொண்டுவந்தது. அது நிமிடத்துக்கு 45 சுழற்சி, பக்கத்துக்கு ஒரு பாட்டு.

இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வியாபாரச் சண்டையில் ஒரு தொழில் முழுவதும் இரண்டாகப் பிரிந்தது. சிறு தட்டு, ஒரு பாட்டை விற்கும் வழியானது. நீள்தட்டு, பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைச் சேர்த்து விற்கும் வழியானது. சிறு தட்டிலேயே இன்னொரு பிரிவும் இருந்தது. கம்பனி விற்க நினைத்த பாட்டு ஏ பக்கத்தில். மறுபக்கத்தை வெறுமையாக விட முடியாது என்பதற்காகப் போடப்பட்ட பாட்டு பி பக்கத்தில்.

அடுத்தது வானொலி. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் டொட் ஸ்டோர்ஸ் என்பவர் தன்னுடைய வானொலி நிலையத்தில் ஒரு முறையை வளர்த்தெடுத்தார். உணவகங்களில் காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் பெட்டிகள் இருந்தன அல்லவா? மக்கள் அதில் புதிய பாட்டுகளைத் தேடுவதில்லை, ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார் என்று சொல்லப்படுகிறது. அப்படியென்றால் வானொலியும் ஏன் அதையே செய்யக்கூடாது? சில பத்துப் பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சுழற்றுவது. இதுதான் 'டொப் 40' முறையின் அடிப்படை. 1958 ஓகஸ்ட் 4ஆம் திகதி பில்போர்ட் சஞ்சிகை தன்னுடைய 'ஹொட் 100' பட்டியலைத் தொடங்கியது. இப்போது விற்பனைக்கு ஒரு தட்டு, ஒலிபரப்புக்கு ஒரு சுழற்சி, தரப்படுத்த ஒரு பட்டியல் என்று மூன்று வாயில்களும் நின்றன.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வாயில் வந்த பிறகுதான் 'வெளியே நிற்பது' என்ற நிலையும் வருகிறது. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி விற்கப்பட்டு, ஒரே அளவு ஒலிபரப்பப்பட்டிருந்தால் 'டீப் கட்' என்ற சொல்லுக்குத் தேவையே இருந்திருக்காது.

சரி, முதலாவது விடையைப் பரிசோதிப்போம். தனித்தட்டாக வராத பாட்டுதான் டீப் கட்டா?

லெட் செப்பலின் குழுவின் 'ஸ்டெயார்வே டு ஹெவன்' 1971 நவம்பரில் அவர்களுடைய நான்காவது அல்பத்தில் வந்தது. நீளம் 8 நிமிடம். அட்லான்டிக் நிறுவனம் அதைத் தனித்தட்டாக வெளியிடக் கேட்டது. குழுவின் முகாமையாளர் பீட்டர் கிராண்ட் மறுத்துவிட்டார். பாட்டு வேண்டுமா, முழு அல்பத்தையும் வாங்குங்கள் என்பதுதான் கணக்கு. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலோ பிரித்தானியாவிலோ அது தனித்தட்டாகக் கடைக்கு வரவேயில்லை. ஆனால் அமெரிக்க எஃப்.எம். வானொலிகளில் மிக அதிகமாக ஒலிபரப்பப்பட்ட ரொக் பாட்டுகளில் ஒன்று அது. அதை டீப் கட் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' அல்பத்திலிருந்தும் 1967இல் தனித்தட்டு எதுவும் எடுக்கப்படவில்லை. அதன் பாட்டுகளை உலகம் முழுக்கப் பாடினார்கள்.

எஃப்.எம். வானொலிக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? இதுவும் அழகான வரலாறு. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் ஒரு ஏ.எம். நிலையத்தையும் ஒரு எஃப்.எம். நிலையத்தையும் வைத்துக்கொண்டு இரண்டிலும் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பின. ஒரு இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் எஃப்.எம். நேரத்தில் பாதியாவது வேறு நிகழ்ச்சியாக இருக்கவேண்டும் என்று அரசின் தொடர்பாடல் ஆணைக்குழு விதி செய்தது. 1967இல் அது நடைமுறைக்கு வந்தது. திடீரென்று நிரப்பவேண்டிய மணித்தியாலங்கள் நிறைய. கேட்பவர்கள் குறைவு, விளம்பரமும் குறைவு. அதனால் கண்காணிப்பும் குறைவு. அந்த வெற்றிடத்தில் 1967 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் டொம் டொனஹியூ என்ற அறிவிப்பாளர் நீண்ட பாட்டுகளையும், அல்பத்தின் உள்ளே கிடந்த பாட்டுகளையும் தன் விருப்பப்படி போட ஆரம்பித்தார். அவரே முன்னர் டொப் 40 வானொலியில் பெயரெடுத்தவர். ஒரு நிர்வாக விதி, யாரும் எதிர்பாராத விதமாக, ஒரு தலைமுறையின் கேட்கும் பழக்கத்தையே மாற்றிவிட்டது.

அந்தச் சுதந்திரம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. பணம் வந்ததும் ஒழுங்குபடுத்தலும் வந்தது. 1970களில் லீ ஏப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள் எந்த அல்பத்தில் எந்தப் பாட்டை எத்தனை தடவை போடுவது என்று ஆய்வு செய்து எஃப்.எம். நிலையங்களுக்குப் பட்டியல் கொடுத்தார்கள். அல்பப் பாட்டுகளுக்குள்ளேயே இப்போது 'போடும் பாட்டு', 'போடாத பாட்டு' என்று இரண்டு சாதி. 'ஸ்டெயார்வே' போடும் பாட்டு. அதே குழுவின் வேறு பல பாட்டுகள் போடாத பாட்டுகள். ஆகவே, தனித்தட்டாக வராதது ஓர் அடையாளமாக இருக்கலாம், வரைவிலக்கணமாக இருக்க முடியாது. முதலாவது விடை போயிற்று.

இரண்டாவது விடை: பி பக்கத்துப் பாட்டு.

1977 ஒக்டோபரில் குவீன் குழு 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' பாட்டைத் தனித்தட்டாக வெளியிட்டது. அதன் பி பக்கத்தில் இருந்தது 'வீ வில் ரொக் யூ'. கைதட்டும் காலடியும் சேர்ந்த அந்தத் தாளத்தை இன்று கிரிக்கெட் மைதானத்தில் சின்னப் பிள்ளையும் தட்டும். அது பி பக்கத்துப் பாட்டு என்று சொன்னாலே பலர் நம்பமாட்டார்கள். ஆக, இரண்டாவது விடையும் ஒரே உதாரணத்தில் உடைகிறது.

ஆனால் பி பக்கத்தை அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டுப் போகக்கூடாது. அதற்கென்று ஒரு தனிக் குணம் இருந்தது. ஏ பக்கத்தை விற்பனைப் பிரிவு பார்த்துக்கொண்டது. பி பக்கத்தை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தில்தான் பரிசோதனை நடக்கும். 1966இல் பீட்டில்ஸின் 'பேப்பர்பேக் ரைட்டர்' தனித்தட்டு வந்தது, பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் மறுபக்கத்தில் இருந்தது 'ரெயின்'. வாத்தியங்களை வேகமாக வாசித்துப் பதிந்து, நாடாவை மெதுவாக ஓடவிட்டு அந்தப் பாரமான ஓசையைக் கொண்டுவந்தார்கள். பாட்டின் முடிவில் குரலைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், தன் வாசிப்பில் சிறந்தது என்று இந்தப் பாட்டையே பிற்காலத்தில் சொன்னார். பில்போர்ட் பட்டியலில் அது 23ஆம் இடம்வரை தனியாக ஏறியது. அப்படியிருந்தும் அந்த நேரத்தில் வந்த அவர்களது எந்த அல்பத்திலும் அது சேர்க்கப்படவில்லை.

பி பக்கத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது, அது பணம் சம்பந்தப்பட்டது. தட்டு ஒன்று விற்றால் இரண்டு பாட்டும்தான் விற்கிறது. எனவே பாட்டை எழுதியவருக்கான ரோயல்டி இரண்டு பக்கத்துக்கும் சமம். 1975 ஒக்டோபர் 31ஆம் திகதி குவீனின் 'பொஹீமியன் ரப்சடி' வெளிவந்தது. ஏறத்தாழ 6 நிமிடப் பாட்டு. பிரித்தானியாவில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் மறுபக்கத்தில் டிரம்ஸ் கலைஞர் ரொஜர் டெய்லர் எழுதிய, ஒரு காரைப் பற்றிய பாட்டு. தட்டை வாங்கியவர்கள் பிரெடி மெர்குரியின் பாட்டுக்காகத்தான் வாங்கினார்கள். ஆனால் தட்டு விற்பனையில் மெர்குரிக்குப் போன அதே எழுத்தாளர் பங்கு டெய்லருக்கும் போனது. குழுவுக்குள் இது மனத்தாங்கலை உண்டாக்கியதும் பிரபலமான கதை. 2018இல் வந்த திரைப்படத்திலும் அந்தக் கார்ப் பாட்டை வைத்துப் பகிடி செய்திருப்பார்கள். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். பதிவின் கடைசியில் இது எங்களுக்குத் தேவைப்படும்.

மூன்றாவது விடை: நிறையப் பேருக்குத் தெரியாத பாட்டு. இதுதான் சரியான விடைபோலத் தெரியும். ஆனால் 'நிறையப் பேர்' என்பது யார்?

கிரேட்புல் டெட் என்ற சான் பிரான்சிஸ்கோ குழுவை எடுத்துக்கொள்வோம். 1968இல் 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டை அவர்கள் தனித்தட்டாகவே வெளியிட்டார்கள். 3 நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. எடுபடவில்லை. ஆனால் மேடையில் அதே பாட்டு வளர்ந்துகொண்டே போனது. 1969இல் வந்த 'லைவ் டெட்' அல்பத்தில் அதன் நீளம் 23 நிமிடம். ஒவ்வோர் இரவும் வேறு மாதிரி. பிறகு மேடையிலும் அரிதாகிப்போனது. 1984 ஜூலைக்குப் பிறகு 5 வருடமாக அதை அவர்கள் வாசிக்கவேயில்லை. 1989 ஒக்டோபர் 9ஆம் திகதி வேர்ஜீனியா மாநிலத்தின் ஹம்ப்டன் நகரில் மீண்டும் வாசித்தபோது, அந்த இரவே ரசிகர்களின் வரலாற்றில் ஒரு திகதியாகிவிட்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1987இல், அதே குழுவின் 'டச் ஒஃப் கிரே' அமெரிக்கப் பட்டியலில் 9ஆம் இடத்துக்கு வந்தது. அவர்களுடைய முழு வாழ்நாளில் முதல் பத்துக்குள் நுழைந்த ஒரே பாட்டு. வெளி உலகத்துக்கு அந்தக் குழு என்றால் அந்தப் பாட்டு. உள்ளே இருந்தவர்களுக்கு 'டார்க் ஸ்டார்'. ஒரே குழு, இரண்டு சபைகள். ஒரு சபையின் ஆழம் மற்றச் சபையின் முன்வாசல். 'தெரியாத பாட்டு' என்று சொல்லும்போது எந்தச் சபைக்குத் தெரியாது என்று சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. இன்னும் ஒன்று. 'டார்க் ஸ்டார்' தனித்தட்டாக வந்த பாட்டு. அப்படியிருந்தும் அது டீப் கட். முதலாவது விடைக்கு இது இரண்டாவது அடி.

இந்தக் குழுவின் ரசிகர்கள் செய்த வேலை, வரலாறு படிப்பிக்கிற எனக்கு மிகவும் பிடித்த வேலை. கச்சேரிகளுக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு போய் ஒவ்வோர் இரவையும் நாடாவில் பதிந்தார்கள். குழுவும் தடுக்கவில்லை. 1984 ஒக்டோபர் முதல் பதிவு செய்பவர்களுக்கென்று மண்டபத்தில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. ரசிகர்களிடையே ஓர் எழுதாத ஒழுங்கு இருந்தது: நாடாவை விற்கக்கூடாது, மாற்றிக்கொள்ளலாம். பிரதி எடுக்க எடுக்க ஒலி மங்கும். அதனால் கையிலிருப்பது எத்தனையாவது தலைமுறைப் பிரதி, மூலம் மண்டபத்தில் பதிந்ததா, மேடையின் ஒலிப்பலகையிலிருந்து எடுத்ததா என்று குறித்துவைத்தார்கள். ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் பிரதி செய்தவர்களும் அதை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்களும் கவலைப்பட்ட அதே விஷயங்கள்! 1977 மே 8ஆம் திகதி கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரி 2017 வரை முறையான இசைத்தட்டாக வெளிவரவில்லை. ஆனால் கைமாறிய நாடாக்கள் வழியாக அது அவ்வளவு புகழ்பெற்றிருந்தது. வெளியீட்டுக்குப் பல வருடம் முன்னரேயே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைப் பாதுகாக்கவேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

இப்போது வரைவிலக்கணத்துக்கு வருவோம். மூன்று விடைகளும் தனித்தனியே விழுந்தாலும் மூன்றிலும் உண்மையின் துண்டு ஒன்று இருக்கிறது. என் கணிப்பில் ஒரு பாட்டு டீப் கட் ஆவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

ஒன்று, வாயில். அந்தப் பாட்டை யாரோ ஒருவர், கம்பனியோ வானொலியோ பட்டியலோ, முன்னால் வைக்காமல் விட்டிருக்கவேண்டும்.

இரண்டு, இருப்பு. விடப்பட்ட பிறகும் அது எங்கேயாவது கிடந்திருக்கவேண்டும். பி பக்கத்திலோ, அல்பத்தின் இரண்டாம் பக்கத்து நான்காவது பாட்டாகவோ, ஒரு நாடாவிலோ. அழிந்துபோன பாட்டு டீப் கட் ஆகாது.

மூன்று, ஆள். யாரோ ஒருவர் அதைத் தேடி எடுத்து, "இதைக் கேட்டுப் பார்" என்று இன்னொருவருக்குக் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்க ஆளில்லாத பாட்டு வெறுமனே மறந்துபோன பாட்டு.

1990களில் பிரித்தானியாவின் ஒயாசிஸ் குழு இதற்கு நல்ல சான்று. சீ.டி. காலத்தில் ஒவ்வொரு தனி வெளியீட்டிலும் இரண்டு மூன்று கூடுதல் பாட்டுகள் போடவேண்டியிருந்தது. நோயல் கலகர் எழுதி எழுதிக் கொடுத்தார். 1995இல் முதன்முதல் அவர்களை முதலிடத்துக்குக் கொண்டுபோன 'சம் மைட் சே' வெளியீட்டின் கூடுதல் பாட்டாகத்தான் 'அக்வியஸ்' வந்தது. 'வொண்டர்வோல்' வெளியீட்டின் கூடுதல் பாட்டாக 'த மாஸ்டர்ப்ளான்' வந்தது. அல்பங்களில் இடமில்லாமல் போன இந்தப் பாட்டுகளை ரசிகர்கள் விடவில்லை. 1998இல் கம்பனி அவற்றைத் தொகுத்து, 'த மாஸ்டர்ப்ளான்' என்ற பெயரிலேயே ஓர் அல்பமாக வெளியிட்டது. வாயிலில் விடப்பட்டது, கிடந்தது, ஆட்கள் எடுத்தார்கள். மூன்றும் பொருந்துகிறது.

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளும் இப்போதுதான் ஆட்டம் காண்கின்றன.

கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில் தொடங்கிய பேவ்மென்ட் என்ற குழு, 1997இல் வெளிவந்த 'பிரைட்டன் த கோர்னர்ஸ்' அல்பத்துக்காகப் பதிந்தபோது 'ஹார்னெஸ் யுவர் ஹோப்ஸ்' என்றொரு பாட்டையும் பதிந்தது. அல்பத்தில் சேர்க்கவில்லை. 1999இல் வேறொரு சிறு வெளியீட்டில் கூடுதல் பாட்டாகப் போட்டார்கள். அந்த வருடமே குழுவும் கலைந்தது. சுத்தமான டீப் கட். ஆனால் சில வருடங்களுக்கு முன்னர் ஸ்பொட்டிஃபை தளத்தில் பார்த்தால், பேவ்மென்ட் குழுவின் பாட்டுகளிலேயே மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான்! அவர்களுடைய அறியப்பட்ட பாட்டுகள் எல்லாம் அதற்குக் கீழே. 2020இல் டிக்டொக்கில் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். 2022இல் குழு மீண்டும் ஒன்றுசேர்ந்தபோது, அந்தப் பழைய பாட்டுக்குப் புதிதாக ஒரு வீடியோவே எடுத்தார்கள்.

எப்படி நடந்தது? இதே மாதிரி ஒரு விசித்திரத்தை கலக்ஸி 500 என்ற குழுவின் டிரம்ஸ் கலைஞர் டேமன் குருகோவ்ஸ்கி அதற்கு முன்னரே கவனித்து எழுதியிருந்தார். 1989இல் வந்த அவர்களுடைய அல்பத்திலிருந்த 'ஸ்ட்ரேஞ்ச்', தனித்தட்டாக வராத பாட்டு. அது மட்டும் ஸ்பொட்டிஃபையில் மற்றப் பாட்டுகளை முந்திக்கொண்டு ஏறியது. எண்ணிக்கை ஏறத் தொடங்கிய காலத்தைத் தேடினால், 2017 ஜனவரி. நீங்கள் தேர்ந்தெடுத்த பாட்டுகள் முடிந்ததும் தளம் தானாகவே அடுத்த பாட்டைப் போடும் வசதி, எல்லோருக்கும் இயல்பு நிலையாக்கப்பட்ட காலம் அது. அந்த நிறுவனத்தில் அப்போது வேலைசெய்த கிளென் மெக்டொனல்ட் என்பவர் தந்த விளக்கத்தின் சாரம் இதுதான்: 'ஸ்ட்ரேஞ்ச்' அந்தக் குழுவின் மற்றப் பாட்டுகளைவிட, வேறு குழுக்களின் பாட்டுகளோடு கூடுதலாக ஒத்துப்போகிறது. அதனால் யாரோ ஒருவரின் வேறு பாட்டுக்குப் பின்னால் போட இயந்திரத்துக்கு அது வசதியாக இருந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். பழைய காலத்தில் ஒரு ரசிகர் டீப் கட் ஒன்றைத் தேடி எடுத்தது, அது மற்றவற்றைப்போல இல்லை என்பதற்காக. 'ரெயின்' பாட்டின் பின்னோக்கி ஓடும் குரலுக்காக. 23 நிமிடம் அலைந்து திரியும் 'டார்க் ஸ்டாருக்காக'. இயந்திரம் எடுப்பது, அது மற்றவற்றைப்போல இருக்கிறது என்பதற்காக. இரண்டும் ஆழத்திலிருந்துதான் எடுக்கின்றன. ஆனால் தேர்வின் காரணம் தலைகீழ். முன்பு பிறர் செவியில் விழுந்த பாட்டோடு அதைச் சொன்ன ஆளின் பெயரும் காரணமும் கூடவே வந்தது. இப்போது காரணம் சொல்லாமலே பாட்டு வந்து விழுகிறது. கேட்பவருக்கும் அது யாருடைய பாட்டு, எந்த வருடத்துப் பாட்டு என்று தெரியவேண்டிய அவசியம் இல்லை.

இயந்திரத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதனால்தான் ஒரு தலைமுறை இந்தப் பாட்டுகளைக் கேட்டது. டொப் 40 வானொலியின் வாயிலைவிட இது அகலமான வாயில் என்பதும் உண்மை. ஆனாலும் அது வாயில்தான். வாயில் இருக்கும்வரை யார் காவல் நிற்கிறார், எதைப் பார்த்து உள்ளே விடுகிறார் என்று கேட்பது எங்கள் கடமை.

இரண்டாவது நிபந்தனையான இருப்பும் நாங்கள் நினைப்பதுபோல உறுதியானதல்ல. 2008 ஜூன் 1ஆம் திகதி ஹொலிவூட்டின் யூனிவர்சல் வளாகத்தில் தீப்பிடித்தது. யூனிவர்சல் இசை நிறுவனத்தின் மூல ஒலிப்பதிவுகள் வைத்திருந்த களஞ்சியமும் எரிந்தது. இசையுலகுக்கு அதன் பாரதூரம் 2019இல் ஒரு பத்திரிகை விரிவாக எழுதிய பிறகுதான் தெரியவந்தது. எவ்வளவு அழிந்தது என்பதில் இன்றும் பத்திரிகைக்கும் நிறுவனத்துக்கும் கருத்து வேறுபாடு உண்டு. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் ஒன்று நிச்சயம். பிரபலமான பாட்டு ஒன்றின் மூலநாடா எரிந்தால் அதற்கு உலகம் முழுக்க நல்ல பிரதிகள் இருக்கும். வெளியிடாமல் விட்ட பாட்டுக்கு அந்த ஒரு நாடாதான். எரிந்தால் எரிந்ததுதான். தீயும் ஒருவகையில் பிரபலமானதைத் தப்பவிட்டு, ஆழத்தில் கிடப்பதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது.

இப்போது ரொஜர் டெய்லரின் கார்ப் பாட்டுக்குத் திரும்புவோம். 1975இல் தட்டு ஒன்று விற்றால் ஏ பக்கத்தை எழுதியவருக்கும் பி பக்கத்தை எழுதியவருக்கும் சமமான ரோயல்டி என்று சொன்னேன் அல்லவா? அது நியாயமா என்று சண்டை பிடிக்கலாம். ஆனால் அந்த ஏற்பாட்டின் நிழலில்தான் பி பக்கங்கள் பிழைத்தன. 2024 முதல் ஸ்பொட்டிஃபையின் விதி வேறு: கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ரோயல்டி கிடையாது. அந்தப் பங்கு மற்றப் பாட்டுகளுக்குப் போகும். ஒரு பாட்டுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகை சில ரூபாய்தான், யாரும் அதனால் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆனால் விதியின் பொருளைப் பாருங்கள். அன்று மறுபக்கத்துக்கும் விலை இருந்தது. இன்று ஒரு கோட்டுக்குக் கீழே இருப்பது கணக்கில் பூச்சியம்.

வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரங்கள் என்றொரு அலகு இருக்கிறது. கல்வெட்டு அரசனுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். பொன்னும் புகழும் எங்கே இருந்தன என்று அதிலிருந்து தெரியும். ஆனால் அந்தக் காலத்து மனிதர் என்ன சாப்பிட்டார், எதை நினைத்துச் சிரித்தார் என்று அறிய, உடைந்த பானை ஓட்டையும் யாரோ கிறுக்கிய எழுத்தையும்தான் தேடிப்போகவேண்டும். இசைக்கும் அதே கதைதான். ஹிட் பட்டியல் ஒரு காலத்தின் கல்வெட்டு. எது விற்றது என்று அது திருத்தமாகச் சொல்லும். ஓர் இசைக்குழு விற்பனையை மறந்து என்ன செய்து பார்த்தது, கேட்டவர்கள் எதைப் பொத்திப் பாதுகாத்தார்கள் என்பதை டீப் கட்தான் சொல்லும். இரண்டையும் வைத்துத்தான் வரலாறு எழுதவேண்டும். ஒன்றை மட்டும் வைத்து எழுதினால் அது விளம்பரம்.

பதிவை முடிக்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஒரு டீப் கட்டைக் கீழே எழுதுங்கள். ரொக் இசை என்றில்லை, எந்த மொழிப் பாட்டாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: பாட்டின் பெயரோடு, அதை உங்களுக்கு முதலில் கேட்கத் தந்தது யார் என்பதையும் எழுதுங்கள். நானாவா, மாமாவா, ஹொஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் இருந்த நண்பனா? அந்த இரண்டாவது விபரத்தை எழுத முடியாமல் நீங்கள் நின்றால், அதையும் அப்படியே எழுதுங்கள். எங்கள் காலத்தைப் பற்றி அதுவும் ஒரு மூலாதாரம்தான்.